தண்ணீரை அடிக்கடி மாற்றாமல் செடி வைத்த மீன் தொட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செடி வைத்த மீன் தொட்டி வேண்டும், ஆனால் வாராவாரம் பாதித் தண்ணீரை இறைத்து ஊற்ற முடியாது என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்னை, அதன் புறநகர் வீடுகளின் தண்ணீர்தான் என் மனதில் இருப்பது: சில நாள் மெட்ரோ வாட்டர், பல நாள் போர் தண்ணீர், கோடை வந்தால் லாரி. கணக்குகளுக்கெல்லாம் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் இரண்டடி டேங்க்கை எடுத்துக்கொள்கிறேன். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். மண்ணும் கல்லும் போக அதில் 50 லிட்டர் தண்ணீர் நிற்கும்.

தண்ணீர் மாற்றாமலே தொட்டியை ஓட்ட முடியுமா?

குறைக்கலாம், நிறையவே குறைக்கலாம். அடியோடு நிறுத்த முடியாது. செடி நன்றாக வளர்ந்து, மீன் குறைவாக இருந்தால் மாதத்துக்கு ஒருமுறை, சில தொட்டிகளில் ஆறு வாரத்துக்கு ஒருமுறை, 20 சதவீதம் மாற்றினால் போதும்.

ஏன் முழுதாக நிறுத்த முடியாது என்றால், தொட்டிக்குள் போவது எல்லாம் வெளியே வருவதில்லை. உள்ளே போவது மூன்று: மீன் தீனி, ஆவியான அளவுக்கு நீங்கள் நிரப்பும் தண்ணீர், செடிக்கு ஊற்றும் உரம். வெளியே போவது நீங்கள் வெட்டி எடுக்கும் செடியும், காற்றில் கலக்கும் வாயுக்களும், மாற்றும் தண்ணீரும் மட்டும்தான். மற்றது எல்லாம் தொட்டியிலேயே தங்கும். தண்ணீரைக் குறைவாக மாற்ற வேண்டுமானால் உள்ளே போவதைக் குறைக்க வேண்டும், வேறு வழி கிடையாது.

செடிகள்தான் அழுக்கை உறிஞ்சிவிடுமே?

நைட்ரஜனை உறிஞ்சும். மீன் செவுள் வழியாக விடும் அம்மோனியா, மிச்சத் தீனி அழுகி வரும் அம்மோனியா, இது செடிக்கு முதல் சாப்பாடு. அம்மோனியா தண்ணீரில் எடுக்கும் இன்னொரு வடிவம் அம்மோனியம், அதைப் பாக்டீரியா மாற்றினால் கடைசியில் வருவது நைட்ரேட். நைட்ரேட்டைவிட அம்மோனியத்தைத்தான் பெரும்பாலான நீர்ச்செடிகள் முதலில் எடுக்கும், ஏனென்றால் நைட்ரேட்டை எடுத்தால் அதை மறுபடி அம்மோனியமாக மாற்றச் செடி தன் சக்தியைச் செலவழிக்க வேண்டும். பாஸ்பேட், பொட்டாசியம், இரும்பு இவற்றையும் எடுக்கும்.

சோடியம், குளோரைடு, இந்த உப்புகளைச் செடி பெரிதாகத் தொடுவதே இல்லை. நம் போர் தண்ணீரில் நிறைந்து கிடப்பது இவைதான், கூடவே கால்சியமும் மெக்னீசியமும். அதனால் நைட்ரேட் சோதனை அருமையாக இருக்கிறது என்று நிம்மதியாக இருக்கும்போதே உப்பு மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று: செடி உறிஞ்சியது செடிக்குள்தான் இருக்கிறது. இலை பழுத்து அங்கேயே அழுகினால் உறிஞ்சியதெல்லாம் திரும்பத் தண்ணீருக்கே வந்துவிடும். கத்தரித்து வெளியே எடுத்தால்தான் கணக்கில் சேரும். வாரம் ஒரு கைப்பிடி செடி வெளியே வந்தால் தொட்டி வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

வெட்டிய செடியைப் பூந்தொட்டி மண்ணில் போடுங்கள், காய்ந்து உரமாகும். ஏரியிலோ கால்வாயிலோ போடாதீர்கள். ஆகாயத்தாமரை மூடிய ஏரிகளை நாம் பார்க்காததா?

ஆவியான தண்ணீருக்குப் பதில் ஊற்றுவதில் அப்படி என்ன இருக்கிறது? வெறும் தண்ணீர்தானே குறைகிறது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

ஆவியாகிப் போவது சுத்தமான தண்ணீர். உப்பு போவதில்லை. அந்த இடத்தை நீங்கள் போர் தண்ணீரால் நிரப்பினால் அதிலுள்ள உப்பு முழுவதும் ஏற்கெனவே இருக்கும் உப்போடு சேரும். மூடி இல்லாத இரண்டடி டேங்கில், கோடையில், மேலே ஃபேன் ஓடினால் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்கூடக் குறையும். உங்கள் போர் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் மொத்த உப்பின் அளவு, 800 என்று வையுங்கள், புறநகரில் இது அதிசயமான எண் இல்லை. ஒரு லிட்டரில் 800 மில்லிகிராம் உப்பு, அது 50 லிட்டரில் பரவினால் தினமும் 16 பிபிஎம் (லிட்டருக்கு 16 மில்லிகிராம்) ஏறும். மாதத்துக்கு 480. அதாவது 800-ல் தொடங்கிய தொட்டி ஒரே மாதத்தில் 1,300-ஐ நெருங்கும். மூன்றாவது மாதம் டெட்ரா மீனும் இறாலும் ஏன் ஒவ்வொன்றாகச் சாகின்றன என்று கேட்டு மருந்து தேடிக்கொண்டிருப்போம்.

அதே ஒரு லிட்டரை டிடிஎஸ் 50 உள்ள தண்ணீரால் நிரப்பினால் நாளுக்கு 1 பிபிஎம், மாதத்துக்கு 30. அவ்வளவுதான். தண்ணீர் மாற்றும் நாளை மாதக்கணக்கில் தள்ளிப்போடுவது செடியைவிட இந்த உப்புக் குறைந்த தண்ணீர்தான் என்று நான் உறுதியாகச் சொல்வேன். பெட்டிபோல மூடியைப் போட்டு ஆவியாவதைப் பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது, வெயில் காலத்தில் சூடு ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

தொட்டியின் பின்கண்ணாடியில் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வெள்ளைக் கோடு படிந்திருக்கிறதா பாருங்கள். நகத்தால் சுரண்டினால் சுண்ணாம்பு மாதிரி உதிரும். அந்தக் கோடு தடிக்கத் தடிக்க உள்ளே உப்பு ஏறியிருக்கிறது என்று அர்த்தம்.

அப்படியானால் எந்தத் தண்ணீரால் நிரப்புவது?

இரண்டு வேலை இருக்கிறது, குழப்பிக்கொள்ளாதீர்கள். தினசரி நிரப்புவதற்கு உப்பில்லாத தண்ணீர் வேண்டும். மாதம் ஒருமுறை மாற்றும்போது, தொட்டி எந்த அளவு உப்பில் தொடங்கியதோ அதை ஒட்டிய தண்ணீர் வேண்டும்.

நிரப்புவதற்கு வீட்டு ஆர்ஓ தண்ணீர் சரியாக வரும். 20 லிட்டர் கேன் தண்ணீரும் அப்படித்தான், டிடிஎஸ் பேனாவை ஒருமுறை விட்டுப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். ஆர்ஓ மிஷினிலிருந்து பக்கத்துக் குழாயில் வெளியேறும் தண்ணீரைச் சிக்கனம் என்று தொட்டியில் ஊற்றுகிறவர்கள் உண்டு. வேண்டாம், வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

மழைத்தண்ணீர் மிக நல்லது. தமிழ்நாட்டில் 2003-லேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள், மொட்டைமாடிக் குழாய் பல வீடுகளில் இருக்கிறது, ஆனால் அந்தக் குழாய்க்குக் கீழே ஒரு டிரம் வைப்பவர்கள் குறைவு. ஐப்பசி, கார்த்திகையில் முதல் இரண்டு மழையை விட்டுவிடுங்கள், மாடித் தூசியும் பறவை எச்சமும் அதில் போய்விடும். அப்புறம் பிடித்ததைத் துணியால் வடிகட்டி, வெளிச்சம் படாத டிரம்மில் கொசு புகாமல் மூடி வைத்தால் சில மாதம் ஓட்டலாம். மாற்றுவதற்கும் உதவும்: ஒரு பங்கு போர் தண்ணீரோடு மூன்று பங்கு மழைத்தண்ணீர் சேர்த்தால் 800 என்பது ஏறக்குறைய 200 ஆகிவிடும்.

ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர்? அடுக்குமாடியில் வரும் சாஃப்ட்னர் தண்ணீர்?

ஏசி தண்ணீரில் டிடிஎஸ் குறைவாகத்தான் காட்டும். ஆனால் அது உலோகச் சுருளில் வழிந்து வருகிறது, அதிலும் செம்புக் குழாய் இருக்கும். இறாலுக்கும் நத்தைக்கும் செம்பு மிகச் சிறு அளவிலேயே விஷம். தூசியும் பூஞ்சையும் வேறு. பூச்செடிக்கு ஊற்றுங்கள், தொட்டிக்கு வேண்டாம்.

சாஃப்ட்னர் தண்ணீரைப் பற்றிப் பலருக்கும் தவறான நம்பிக்கை இருக்கிறது. அது கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் எடுத்துக்கொண்டு அதற்குப் பதில் சோடியத்தைத் தருகிறது. சோப்பு நுரைக்கும், குழாயில் வெள்ளை படியாது, ஆனால் டிடிஎஸ் பேனாவை விட்டால் எண் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். செடிக்குத் தேவையான கால்சியமும் மெக்னீசியமும் போய், தேவையில்லாத சோடியம் மட்டும் மிஞ்சுகிறது. சாஃப்ட்னருக்கு முன்னாலிருந்து வரும் தண்ணீர் கிடைத்தால் அதையே எடுத்து ஆர்ஓவோடு கலந்துகொள்ளுங்கள்.

மெட்ரோ வாட்டரில் குளோரின் இருக்குமே?

இருக்கும். வாளியில் பிடித்து ஒரு நாள் ஏர் ஸ்டோன் (ஏர் பம்ப்பில் மாட்டும் குமிழிக்கல்) போட்டு வைத்தால் போய்விடும். அவசரமென்றால் கடையில் ஆன்டி குளோரின் என்று கேட்டால் தருவார்கள், பெரும்பாலும் அது சோடியம் தயோசல்பேட் கரைசல். லாரித் தண்ணீரில் சில சமயம் மூக்கில் ஏறும் அளவுக்குக் குளோரின் போட்டிருப்பார்கள், அதை நேரடியாக ஊற்றினால் ஃபில்டரில் வளர்ந்த பாக்டீரியாவுக்கும் ஆபத்து.

தீனி எவ்வளவு போடலாம்? அதனால் தண்ணீர் எவ்வளவு கெடும்?

கணக்குப் போட்டுப் பார்த்தால் பலருக்கும் கை தானாகச் சுருங்கும். சாதாரணத் தீனியில் 40 சதவீதம் புரதம் இருக்கும். ஒரு கிராம் தீனியில் 400 மில்லிகிராம் புரதம், அதில் சுமார் 64 மில்லிகிராம் நைட்ரஜன். அது முழுவதும் நைட்ரேட்டாக மாறினால் 280 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேலே வரும். 50 லிட்டரில் 5 பிபிஎம்முக்கும் அதிகம். கொஞ்சம் மீன் உடம்பில் சேரும், கொஞ்சம் கசடாகும், ஆனாலும் அதிகபட்சம் இதுதான்.

ஒரு டஜன் சிறு மீனுக்கு நாளைக்கு ஒரு கிராம் என்பது மிக அதிகம். ஒரு கிராமை வாரம் முழுக்கப் பிரித்துப் போட்டாலே அவை கொழுகொழுவென்று இருக்கும். வாரத்தில் ஒரு நாள் தீனியே வேண்டாம். போட்ட தீனி ஒரு நிமிடத்துக்குள் காணாமல் போக வேண்டும், தரையில் விழுந்து கிடந்தால் அடுத்த வேளை பாதியாகக் குறையுங்கள்.

மீன் தேர்வும் இதில் வருகிறது. கப்பி, ஜீப்ரா டேனியோ, ரஸ்போரா மாதிரிச் சின்ன மீன்கள் பத்துப் பன்னிரண்டு. போர் தண்ணீர் என்றால் கப்பியும் மோலியும் அந்தக் கடினத்தை, அதாவது அதிலுள்ள கால்சியம், மெக்னீசியத்தை, விரும்பியே ஏற்கும். கோல்டுஃபிஷ், ஆஸ்கர், அரோவானா எல்லாம் குறைவாகத் தண்ணீர் மாற்றும் தொட்டிக்குச் சரிப்பட்டு வராது, எவ்வளவு செடி வைத்தாலும்.

டேங்க் கிளீனர் மீன் ஒன்று விட்டால் சுத்தமாக இருக்கும் என்கிறார்களே?

கொளத்தூர் மீன் கடைகளில் விரல் நீளக் குட்டியாகப் பார்த்து வாங்கி வரும் அந்தச் சக்கர் மீன் ஓரடிக்கும் மேல் வளரும். பாசி தின்கிறது, சரி, தின்றது எங்கே போகிறது? நீள நீளமாகக் கழிவு விட்டுக்கொண்டே இருக்கும், செடியையும் பிடுங்கிப் போடும். எந்த மீனும் தண்ணீரைச் சுத்தம் செய்வதில்லை. தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்த மீனைப் பெரிதானதும் ஏரியில் கொண்டுபோய் விட்டு விட்டு, இன்று தமிழ்நாட்டின் பல நீர்நிலைகளில் வலை போட்டால் இதுவே வருகிறது, மீனவர்களின் வலையைக் கிழிக்கிறது, உள்ளூர் மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. தயவுசெய்து வாங்காதீர்கள், ஏற்கெனவே இருந்தால் கடையில் திருப்பிக் கொடுங்கள், தண்ணீரில் விடாதீர்கள்.

எந்தச் செடிகள் வேண்டும்?

வேகமாக வளர்பவை. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் பார்க்க அழகுதான், ஆனால் மாதத்துக்கு ஓரிரு இலை விடும் செடி எவ்வளவு அம்மோனியாவை எடுத்துவிடப் போகிறது? முதல் நாளிலிருந்தே தரையில் முக்கால்வாசி செடியாக இருக்க வேண்டும்.

கடினமான தண்ணீருக்கு வாலிஸ்னேரியா, ஹைட்ரில்லா, ஹார்ன்வோர்ட் மூன்றும் கைகொடுக்கும். இவற்றுக்கு ஒரு திறமை உண்டு: தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு தீர்ந்துபோனால் பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுத்துக்கொள்ளும். வெளிச்சம் நன்றாக இருக்கும் தொட்டியில் மாலையில் வாலிஸ்னேரியா இலையை விரலால் தடவிப் பாருங்கள், சொரசொரவென்று மெல்லிய வெள்ளைப் படலம் இருக்கும். அது கால்சியம் கார்பனேட். செடி பைகார்பனேட்டை எடுத்துக்கொண்டதால் படிந்த சுண்ணாம்பு, நோய் இல்லை. வெட்டி எடுக்கும் இலையோடு அதுவும் வெளியே போகும்.

மிதக்கும் செடி கொஞ்சம் இருக்கட்டும். இலை காற்றில் இருப்பதால் கார்பனுக்குப் பஞ்சம் இல்லை, அதனால் வேகமாக உறிஞ்சும். மேற்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் அள்ளி எடுத்துவிடுங்கள், கீழே இருப்பவை வெளிச்சம் இல்லாமல் அழுகிவிடும்.

அப்புறம் மணி பிளாண்ட். தண்டைத் தொட்டியின் ஓரத்தில் செருகி, வேர் மட்டும் தண்ணீரில், இலை வெளியே. சல்லி வேர் கற்றையாக இறங்கிய பிறகு நைட்ரேட்டை இவ்வளவு சுலபமாகக் குறைக்கிற வேறு செடியை நான் பார்த்ததில்லை, காசும் இல்லை. இலையைத் தண்ணீருக்குள் விடக் கூடாது.

நான் ஆறு மாதமாகத் தண்ணீரே மாற்றவில்லை, மீன் நன்றாகத்தான் இருந்தது. நேற்றுப் பாதித் தண்ணீரை மாற்றினேன், காலையில் எல்லாம் செத்துக் கிடந்தன. ஏன்?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது, மனதுக்குக் கஷ்டமாகவும் இருக்கிறது, ஏனென்றால் கேட்பவர்கள் நல்லது செய்யப் போய்த்தான் இப்படி ஆகிறது.

நடந்தது பெரும்பாலும் இதுதான். அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா அந்த வேலையில் அமிலத்தை உண்டாக்குகிறது. ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற ஏறக்குறைய 7 மில்லிகிராம் காரத்தன்மை செலவாகிறது. தண்ணீரில் அந்த அமிலத்தைத் தாங்குவது கேஎச், அதாவது பைகார்பனேட்டின் அளவு. தினமும் ஆர்ஓவும் மழைத்தண்ணீரும் மட்டுமே ஊற்றினால் புதிதாகக் கேஎச் எதுவும் உள்ளே வராது, இருப்பது கரைந்துகொண்டே போகும். கோவையில் சிறுவாணித் தண்ணீர் வருகிற வீடுகளில் தண்ணீரே மிக மென்மையானது, அங்கே இது இன்னும் சீக்கிரம் நடக்கும். கேஎச் தீர்ந்த நாளில் பிஎச் (அமில-கார அளவு, 7-க்குக் கீழே போனால் அமிலம்) சடசடவென 6-க்குப் பக்கத்தில் விழும். அந்த நிலையில் பாக்டீரியாவும் மந்தமாகிவிடும், அம்மோனியா சேரத் தொடங்கும்.

ஆனால் மீன் சாகாது. காரணம், அம்மோனியாவுக்கு இரண்டு வடிவம். 30 டிகிரி வெப்பத்தில் பிஎச் 6-ல் விஷ வடிவம் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது, மற்றதெல்லாம் அவ்வளவாகக் கெடுதல் செய்யாத அம்மோனியம். பிஎச் 8-ல் அதே தண்ணீரில் நூறில் ஏழு பங்கு விஷ வடிவம். நீங்கள் பிஎச் 8 உள்ள போர் தண்ணீரைப் பாதி ஊற்றியதும் அதுவரை தூங்கிக்கொண்டிருந்த அம்மோனியத்தில் ஒரு பங்கு ஒரு மணி நேரத்தில் விஷமாகிவிட்டது. கூடவே உப்பு அளவும் சட்டென்று மாறியிருக்கும், அந்த அதிர்ச்சியும் சேர்ந்துகொள்ளும்.

நீண்ட நாள் மாற்றாத தொட்டியில் முதலில் பிஎச்சும் அம்மோனியாவும் பாருங்கள். அம்மோனியா இருந்தால் தீனியை நிறுத்துங்கள், தொட்டியின் பிஎச்சுக்கு நெருக்கமான தண்ணீரால் தினம் 10 சதவீதம் மட்டும் மாற்றுங்கள். ஆர்ஓவோடு கொஞ்சம் போர் தண்ணீர் கலந்தால் அப்படி ஒரு தண்ணீர் கிடைத்துவிடும். ஒரு வாரம் பத்து நாளில் சரிசெய்யலாம், ஒரே நாளில் செய்யப் போகாதீர்கள்.

வராமல் தடுக்க, கேஎச் 3 டிகிரிக்கு (இது வெப்பம் அல்ல, கேஎச் கிட் காட்டும் அளவு) கீழே போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். கடற்கரைக் கிளிஞ்சலைக் கழுவி ஒரு சிறு வலைப்பையில் கட்டி ஃபில்டரில் போட்டால் அமிலம் ஏற ஏற அது கரைந்து கொடுக்கும். பவளத்துண்டு என்று சில இடத்தில் விற்பார்கள், வாங்க வேண்டாம், நம் நாட்டில் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது, கிளிஞ்சலே அந்த வேலையைச் செய்யும்.

அடியில் மண் போடலாமா?

போடலாம். அமெரிக்காவின் டயானா வால்ஸ்டாட் பரவலாக்கிய முறை இது: அடியில் மண், மேலே மணல், நிறையச் செடி, கொஞ்சம் மீன். நம் ஊர்ச் செம்மண் நன்றாகவே ஒத்துவரும், இரும்புச் சத்தும் இருக்கிறது. யூரியாவோ தொழுவுரமோ படாத இடத்து மண்ணாக இருக்க வேண்டும். சல்லடையில் சலித்து, இரண்டு மூன்று முறை தண்ணீர் ஊற்றிக் கலக்கி மேலே மிதப்பதைக் கொட்டிவிட்டு, ஓர் அங்குலம் பரப்புங்கள். மேலே ஓர் அங்குலம் கழுவிய ஆற்று மணல். கடல் மணல் வேண்டாம், எம்-சாண்டில் பொடி அதிகம், தண்ணீர் கலங்கிக்கொண்டே இருக்கும்.

மண் போட்டவர்களுக்கு ஒரு விஷயம் முன்பே தெரிய வேண்டும்: முதல் மாதம் மண் அம்மோனியாவை விடும். அந்த மாதத்தில் வாரம் இரண்டு முறை தண்ணீர் மாற்ற வேண்டியிருக்கும். மீனே விடக் கூடாது, செடி மட்டும். அம்மோனியாவும், அது நைட்ரேட்டாகும் வழியில் வரும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகு மூன்று நான்கு மீனாகச் சேர்த்துக்கொண்டு போங்கள். குறைவாக மாற்றும் காலம் அதற்கப்புறம்தான் தொடங்குகிறது.

மண்ணிலிருந்து குமிழி வருவது சகஜம். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் மட்டும் மெல்லிய குச்சியால் அங்கங்கே குத்திவிடுங்கள். டிரம்பெட் நத்தைகள் இருந்தால் இந்த வேலையை அவையே பார்த்துக்கொள்ளும்.

ஃபில்டரை எப்போது கழுவுவது?

தண்ணீர் வரத்து குறையும்போது. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் ஸ்பாஞ்சை இரண்டு பிழி பிழிந்தால் போதும். குழாயடியில் வெளுக்கும்வரை தேய்க்காதீர்கள், பாக்டீரியா அதில்தான் குடியிருக்கிறது.

உரம் ஊற்ற வேண்டுமா?

நைட்ரஜனும் பாஸ்பரஸும் தீனியிலிருந்தே வந்துவிடும். பற்றாக்குறை வருவது பொட்டாசியத்திலும் இரும்பிலும்தான். பழைய இலையில் ஊசி குத்தின மாதிரி ஓட்டை என்றால் பெரும்பாலும் பொட்டாசியம், புது இலை வெளிறி நரம்பு மட்டும் பச்சை என்றால் இரும்பு. பாட்டிலில் எழுதியிருக்கும் அளவில் கால் பங்கில் தொடங்குங்கள். வாராவாரம் 50 சதவீதம் தண்ணீர் மாற்றுபவர்களுக்காகப் போட்ட உர அட்டவணைகள் நிறைய உலவுகின்றன, மிஞ்சிய உரம் அந்த 50 சதவீதத்தோடு வெளியே போய்விடும் என்ற கணக்கில் அமைத்தவை அவை. மாதம் ஒருமுறை மாற்றும் தொட்டியில் அதை அப்படியே பின்பற்றினால் உரமும் உப்பாகச் சேரும்.

பாசி பிடிக்கிறதே?

முதலில் லைட்டைப் பாருங்கள். டைமர் போட்டு ஆறு ஏழு மணி நேரம், அதற்குமேல் வேண்டாம். ஜன்னல் வெயில் நேராக விழுந்தால் இடத்தை மாற்றுங்கள். மிச்சத்தை வேகமாக வளரும் செடிகள் பார்த்துக்கொள்ளும்.

கோடையில் அதிகாலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன, தண்ணீர் கெட்டுவிட்டதா?

கெடாமலும் இருக்கலாம். பகலில் ஆக்சிஜனைக் கொடுக்கிற செடி இரவில் அதையே எடுத்துக்கொள்கிறது. அதோடு சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும்: 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம், 32 டிகிரியில் 7.3-தான். செடி அடர்ந்த தொட்டியில் விடியற்காலை நான்கு ஐந்து மணிதான் மோசமான நேரம். லைட் அணைந்ததும் ஏர் பம்ப் ஓடும்படி இன்னொரு டைமரில் போட்டுவிடுங்கள். மின்வெட்டு வருகிற இடமென்றால் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

மேலே சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆவியாவதும் கூடும், ஆகவே நிரப்பும் தண்ணீர் உப்பில்லாததாக இருப்பது கோடையில் இரட்டிப்பு முக்கியம்.

என்னென்ன சோதனைகள் செய்ய வேண்டும்?

டிடிஎஸ் பேனா கட்டாயம், விலையும் குறைவு. வாரம் ஒருமுறை எண்ணைக் காலண்டரிலேயே எழுதி வையுங்கள். ஆனால் அது மொத்த உப்பை மட்டும் சொல்லும், அம்மோனியா இருக்கிறதா என்று சொல்லாது. அதற்குச் சொட்டு மருந்துக் கிட் வேண்டும், அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், கேஎச் நான்கும். நைட்ரேட் கிட்டில் இரண்டாவது பாட்டிலை அரை நிமிடமாவது பலமாகக் குலுக்க வேண்டும், உள்ளே இருக்கும் பொடி அடியில் தங்கிவிடும், குலுக்காமல் விட்டால் நைட்ரேட் இல்லவே இல்லை என்று பொய் சொல்லும்.

சரி, கடைசியில் எப்போதுதான் மாற்றுவது?

நாள் பார்க்காமல் எண் பார்த்து மாற்றுங்கள். தொட்டி நிலைபெற்றபோது இருந்த டிடிஎஸ்ஸைவிட 150 கூடினால் 20 முதல் 30 சதவீதம் மாற்றுவது என் வழக்கம். நைட்ரேட் 40 பிபிஎம்மைத் தாண்டினாலும் மாற்றுவேன், கூடவே தீனியைக் குறைப்பேன். ஏனென்றால் வாரத்துக்கு 10 பிபிஎம் சேருகிற தொட்டியில் வாரம் 25 சதவீதம் மாற்றினாலும் அது 40 வரை ஏறித்தான் நிற்கும், மாற்றுவதால் மட்டும் கீழே இறங்காது.

எண் எப்படி இருந்தாலும் உடனே மாற்ற வேண்டிய நேரங்களும் உண்டு: அம்மோனியாவோ நைட்ரைட்டோ தலைகாட்டினால், மருந்து போட்டு முடித்தால், மீன் செத்துக் கவனிக்காமல் கிடந்தால், ஸ்பிரேயோ பெயின்ட் புகையோ பட்டுவிட்டதென்று சந்தேகம் வந்தால். பழைய தொட்டி என்றால் மேலே சொன்னபடி பிஎச்சைப் பார்த்துவிட்டு.

பொங்கலுக்குப் பத்து நாள் ஊருக்குப் போகிறோம். என்ன செய்துவிட்டுப் போவது?

கிளம்பும் நாளில் பெரிய தண்ணீர் மாற்றம் வேண்டாம், ஏதாவது தவறினால் பார்க்க ஆள் இருக்காது. நான்கு நாள் முன்பே 20 சதவீதம் மாற்றி, பழுத்த இலைகளை எடுத்துவிட்டு, ஃபில்டர் ஸ்பாஞ்சைப் பிழிந்து வையுங்கள். கிளம்பும்போது ஆர்ஓ தண்ணீரால் விளிம்புவரை நிரப்பி மூடியைப் போடுங்கள். லைட் டைமரில் ஐந்து மணி நேரம்.

வளர்ந்த, ஆரோக்கியமான மீன்கள் ஒரு வாரம் பத்து நாள் தீனியில்லாமல் இருக்கும், செடித் தொட்டியில் பொறுக்கித் தின்ன ஏதாவது கிடைக்கும். தண்ணீரில் போட்டுவிட்டுப் போகும் விடுமுறைத் தீனிக்கட்டி வேண்டாம், அது கரைந்து தண்ணீரைக் கெடுக்கும். குட்டிகள் இருந்தாலோ பத்து நாளுக்கு மேல் ஆனாலோ பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போகலாம், ஆனால் தீனி டப்பாவைக் கையில் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு வேளைக்கும் ஒரு சிட்டிகை வீதம் காகிதத்தில் மடித்து, கிழமையை மேலே எழுதி, இரண்டோ மூன்றோ பொட்டலம் மட்டும் கொடுங்கள். டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.